முதல்ல ஒரே ஒரு கிளவுஸ ஒழுங்கா கழட்டுங்க

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி போட்டிருக்கேன்:

"அக்கா, நான் லெஸ்டர்ல நர்ஸா வேலை பாக்கறேன், சொந்த ஊரு திருச்சி, வயசு 33, நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. போன வருஷம் கூட வேலை பாக்கறவங்க பர்த்டேக்கு லண்டன்ல ஒரு பர்லெஸ்க் ஷோவுக்கு (ஆடிக்கிட்டே துணிய ஒவ்வொண்ணா கழட்டற மேடை நிகழ்ச்சி) கூட்டிட்டு போனாங்க. மேடைக்கு வந்த ஒருத்தங்க என்னைவிட குண்டு, என்னைவிட வயசும் ஜாஸ்தி. அவங்க சிரிச்சிக்கிட்டே ஒரு கவுன கழட்டினப்ப மொத்த ஹாலும் கத்துச்சு, எனக்கு மட்டும் அழுகை வந்திடுச்சு, ஏன்னு இன்னும் தெரியல. அப்பலேர்ந்து அதே நினைப்புதான். சின்ன வயசுல எட்டு வருஷம் பரதம் கத்துக்கிட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் ஆடினதே இல்ல. சிசேரியன் தழும்பு இருக்கு, வயிறு சரிஞ்சு போச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், உனக்கு புடிச்சா பண்ணு, ஆனா பத்திரம்னு சொன்னாரு. ஊர்ல அம்மாவுக்கு தெரிஞ்சா என்னாகும்னுதான் பயம். எங்க ஆரம்பிக்கறது, எவ்ளோ செலவாகும், இது எனக்கெல்லாம் வருமா?"

அன்பு தங்கச்சி, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். அழுகை வந்துச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா பதினாலு வருஷமா பர்லெஸ்க் ஆடறேன், எட்டு வருஷமா புதுசா வர்றவங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன், முதல் நாள் வட்டமா உக்காந்து ஏன் வந்தீங்கன்னு கேட்டா பாதி பேர் சொல்றது இதேதான். யாரோ ஒரு பொண்ணு தன் உடம்ப பத்தி வெக்கமே இல்லாம நிக்கறத பாத்தேன், அழுதுட்டேன், அதான் வந்தேன்னு சொல்வாங்க. அதனால உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, நீங்க சரியான வாசல்லதான் நிக்கறீங்க.

வருமான்னு கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வரும். ஆனா கழட்டறதுதான் இந்த கலைன்னு நினைச்சு வந்தீங்கன்னா ஆறு மாசத்துல சலிச்சு போயிடும். எத, எப்ப, எதுக்காக, யார் கண்ண பாத்து கழட்டறேன்ற முடிவு உங்க கையில இருக்கு, அந்த முடிவ ஆடியன்ஸ் முன்னாடி ஒவ்வொரு செகண்டும் எடுத்துக்காட்டறதுதான் பர்லெஸ்க். நான் கீழ எழுதறதெல்லாம் இந்த ஒண்ண சுத்தித்தான் வரும்.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன், இது தெரிஞ்சா மேடையில நிக்கற விதமே மாறும். பர்லெஸ்க்ன்ற வார்த்தை இத்தாலிய மொழியில 'புர்லா'ன்ற சொல்லுலேர்ந்து வந்தது, அதுக்கு கிண்டல், கேலின்னு அர்த்தம். 1868ல லிடியா தாம்ப்சன்ற இங்கிலாந்து நடிகை தன்னோட குழுவ கூட்டிட்டு நியூயார்க் போனாங்க, பொண்ணுங்களே டைட்ஸ் போட்டுக்கிட்டு ஆம்பள வேஷம் கட்டி, கிரேக்க புராணத்தயும் ஊர் நடப்பயும் நக்கல் பண்ணாங்க. அதுல யாரும் எதையும் கழட்டல. காலு தெரிஞ்சதும், அதவிட முக்கியமா வாய திறந்து பேசினதும்தான் அன்னிக்கு பெரிய கலாட்டா. கழட்டறது எல்லாம் அப்புறமா, இருபதாம் நூற்றாண்டுல மெல்ல மெல்ல சேந்தது. ஜிப்ஸி ரோஸ் லீன்னு ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க பேரு வாங்கினதே ரொம்ப கொஞ்சமா கழட்டி நிறைய பேசினதாலதான். 1937ல நியூயார்க் மேயர் லா கார்டியா பர்லெஸ்க் தியேட்டர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்காம இழுத்து மூட வெச்சாரு, அதுக்கப்புறம் டிவி வந்துச்சு, மத்த கிளப் வந்துச்சு, படுத்திடுச்சு, திரும்ப எழுந்தது 1990கள்லதான்.

லண்டன்ல இன்னும் விசித்திரம். சோஹோவுல விண்ட்மில் தியேட்டர்னு ஒண்ணு இருந்துச்சு, அங்க 1930கள்லேர்ந்து பொண்ணுங்க மேடையில துணியில்லாம நிப்பாங்க, ஆனா அசையக்கூடாது, சிலை மாதிரி நிக்கணும். அப்ப நாடகத்துக்கு சென்சார் பண்ற அதிகாரம் லார்ட் சேம்பர்லெய்ன்ற அரண்மனை அதிகாரிகிட்ட இருந்துச்சு, அசையாம நின்னா கலை, அசைஞ்சா ஆபாசம்ன்றதுதான் கணக்கு. 1968ல தியேட்டர்ஸ் ஆக்ட் வந்துதான் அந்த சென்சார் ஒழிஞ்சுது. இத நான் ஒவ்வொரு பேட்ச்லயும் சொல்வேன், ஏன்னா சென்சார் பண்ணவங்களுக்கு பயம் உடம்ப பாத்து இல்ல, உடம்புக்குள்ள இருக்கற ஆளு அசைஞ்சு, பாத்து, கண்ணடிச்சு, தானா முடிவு எடுத்துடுமேன்றதுலதான் பயம். நீங்க அன்னிக்கு பாத்த அம்மா அதத்தான் பண்ணாங்க.

வயசுக்கும் உடம்புக்கும் வர்றேன். டோனி எல்லிங்னு டெட்ராய்ட்ட சேர்ந்த ஒரு கறுப்பின கலைஞர், ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எல்லிங்டன் பேர ஒட்டி தன் பேர வெச்சுக்கிட்டவங்க, இந்த தொழிலுக்கு வந்ததே முப்பது தாண்டித்தான். டர்ட்டி மார்ட்டினின்ற பேர்ல ஆடறவங்க பெரிய உடம்புக்காரங்க, 2004ல மிஸ் எக்ஸாட்டிக் வேர்ல்ட் பட்டம் வாங்கினாங்க, இந்த உலகத்துல அதவிட பெரிய பட்டம் கிடையாது. உங்க தழும்ப மறைக்கணும்னு தோணுச்சுன்னா இடுப்புக்கு மேல வர்ற ஹை வெய்ஸ்ட் நிக்கர் போடுங்க, அழகாவே இருக்கும், பழைய காலத்து ஸ்டைலே அதுதான். காட்டணும்னு தோணுச்சுன்னா காட்டுங்க. என் கிளாஸ்ல ஒருத்தங்க அவங்க தழும்பு மேல சின்ன சின்ன கல்லு ஒட்டிக்கிட்டு வந்து ஆடினாங்க, அது அவங்க முடிவு, உங்களுக்கு அது வேணும்ற கட்டாயம் ஒண்ணும் இல்ல. இன்னொரு விஷயம், நிக்கர் வரைக்கும் கழட்டணும்னே அவசியம் இல்ல. ஒரு கோட்டு, ரெண்டு கிளவுஸ், அவ்ளோதான்னு முடிக்கிற ஆக்ட்டும் முழு ஆக்ட்டுதான்.

எங்க ஆரம்பிக்கறதுன்னா, முதல்ல பாருங்க. ஒரு அஞ்சாறு ஷோவாவது. பெரிய டிக்கெட் போட்டு சாப்பாட்டோட நடக்கற ஷோ மட்டும் வேணாம், பப்போட மேல் மாடியில, வொர்க்கிங் மென்ஸ் கிளப்ல நடக்கற சின்ன ஷோவுக்கு போங்க, புதுசா வர்றவங்களுக்குன்னே நைட் நடத்துவாங்க, அதுல தப்பு பண்றவங்கள பாக்கறதுதான் நிஜமான பாடம். கையில ஃபோன் எடுக்காதீங்க, வீட்டுக்கு போய் எழுதி வைங்க, எந்த நிமிஷத்துல உங்க கண்ணு மேடைய விட்டு நகர்ந்துச்சு, எந்த நிமிஷத்துல மூச்ச புடிச்சீங்கன்னு. அப்புறம் ஒரு பிகினர்ஸ் கோர்ஸ் சேருங்க, பொதுவா ஆறு எட்டு வாரம் ஓடும், கடைசியில ஃப்ரெண்ட்ஸ் ஃபேமிலி மட்டும் வர்ற ஒரு ஷோகேஸ் இருக்கும், லெஸ்டர்ல அமையலன்னா நாட்டிங்ஹாம் பர்மிங்ஹாம் பக்கம் தேடுங்க. டீச்சர் எப்படின்னு முதல் கிளாஸ்லயே தெரிஞ்சிடும். இன்னமும் மேடையில ஆடறாங்களா, எவ்ளோ கழட்டறதுன்றத உங்ககிட்ட விடறாங்களா, கேக்காம ஃபோட்டோ எடுக்கறாங்களா, இந்த மூணையும் கவனிங்க. கேக்காம எடுத்தாங்கன்னா அடுத்த வாரம் போகாதீங்க, கட்டின காசு போனா போகட்டும். வீடியோ பாத்து வீட்டுலயே கத்துக்கலாமேன்னு கேப்பீங்க, அசைவ கத்துக்கலாம், ஆனா எதிர்ல ஒரு ஜோடி கண்ணு இல்லாம இந்த கலைய கத்துக்க முடியாது.

இப்ப கிளவுஸ். நான் முதல் ரெண்டு வாரம் வேற எதுவுமே சொல்லித்தர மாட்டேன், முழங்கைக்கு மேல வர்ற ஒரு ஜோடி சாட்டின் கிளவுஸ் மட்டும்தான். இத சும்மா இழுத்தா மணிக்கட்டுல வந்து மாட்டிக்கும், ஏன்னா கை வேர்த்திருக்கும், சாட்டின் ஒட்டும். அதனால முதல்ல சுண்டு விரல் நுனிய ரெண்டு விரலால புடிச்சு அரை இன்ச் இழுத்து விடணும், அப்புறம் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி, கட்டை விரல், பாட்டோட ஒவ்வொரு பீட்டுக்கும் ஒண்ணு. அதுக்கப்புறம்தான் மேல் ஓரத்த மடிச்சு கீழ உருட்டிக்கிட்டு வரணும், மணிக்கட்டு வரைக்கும் வந்து நிறுத்தணும். நிறுத்தணும்மா, அந்த நிறுத்தத்துலதான் எல்லாமே இருக்கு. அங்க நிமிர்ந்து மூணாவது வரிசையில இருக்கற யாரோ ஒருத்தர பாருங்க, "எடுக்கட்டுமா?"ன்னு வாய திறக்காம கேளுங்க, அவங்க கத்தற வரைக்கும் எடுக்காதீங்க. பல்லால நடு விரல் நுனிய கடிச்சு இழுக்கறதுன்னா உதட்ட பின்னாடி இழுத்துக்கிட்டு பல்லு மட்டும் படற மாதிரி கடிங்க, இல்லன்னா லிப்ஸ்டிக் வெள்ள சாட்டின்ல அப்பிக்கும், முகத்துலயும் இழுக்கும். கழட்டினத கண்ட இடத்துல போடாதீங்க, நீங்க திரும்ப கால் வைக்காத பக்கமா பாத்து விடுங்க, ஹீல்ஸுக்கு கீழ சாட்டின் மாட்டினா எண்ணெய் தரை மாதிரி வழுக்கும். இந்த ஒரு கிளவுஸுக்கு முப்பது செகண்ட் ஆகணும். என்கிட்ட வர்றவங்க முதல் நாள் நாலு செகண்ட்ல முடிச்சிடுவாங்க, பயத்துல. அந்த நாலு முப்பதா ஆகறதுக்குள்ள ஆளு எவ்ளோ மாறிடுதுன்னு நான் எட்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்.

போடறப்பவே கழட்டற வரிசைய யோசிச்சு போடணும், இது கேக்க சாதாரணமா இருக்கும், மேடையில உசிர எடுக்கும். ஸ்டாக்கிங்ஸ புடிச்சு நிக்கற சஸ்பெண்டர் பெல்ட்ட முதல்ல போட்டு, அதோட பட்டி மேல நிக்கர போடணும், அப்பதான் ஸ்டாக்கிங்ஸ் இருக்கறப்பவே நிக்கர கழட்ட முடியும். நான் என்னோட முதல் ஷோகேஸ்ல தலைகீழா போட்டுட்டேன், பட்டி நாலும் நிக்கருக்கு மேல, இழுத்தா வரல, பாட்டு முடிய நாப்பது செகண்ட் இருக்கு. என் டீச்சர் சொன்னது ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு, மாட்டிக்கிட்டா நிறுத்து, ஆடியன்ஸ பாரு, மூச்சு விடு. நிறுத்தினேன், பாத்தேன், அப்புறம் நாலு கொக்கியையும் ஒவ்வொண்ணா, ஏதோ அதுதான் பிளான்ற மாதிரி, மெதுவா அவுத்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு கெடச்ச பெரிய கைத்தட்டல் அதுக்குத்தான். கார்செட் போட்டா பின்னாடி கயித்த முதல்ல கொஞ்சம் தளர்த்தணும், அப்புறம் முன்னாடி ரெண்டு பக்கத்தையும் ஒண்ண ஒண்ணு பாத்து அமுக்கினா கொக்கி தானா விடும், இழுத்தா விடவே விடாது. எந்த துணியா இருந்தாலும் நாப்பது அம்பது தடவ வீட்டுல கழட்டி பாக்காம மேடைக்கு கொண்டு போகாதீங்க, அதுவும் அதே ஹீல்ஸ், அதே நகம், அதே பாட்டோட.

பேஸ்டீஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா மனசுல கண்டிப்பா இருக்கும். மார்க்காம்ப மட்டும் மறைக்கற சின்ன வட்டம் அது, குஞ்சம் வெச்சும் வரும். விக் ஒட்டற டபுள் சைடு டேப்ல ஒட்டுவோம். ஒரு நாள் முன்னாடியே கையில ஒட்டி தோலு அரிக்குதான்னு பாத்துக்கோங்க, நீங்க நர்ஸு, டேப் அலர்ஜி எல்லாம் உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஷோ அன்னிக்கு காலையிலேர்ந்து உடம்புல லோஷன், தேங்காயெண்ணெய் எதுவும் படக்கூடாது. என் ஸ்டூடன்ட் ஒருத்தங்க குளிச்சிட்டு பழக்கத்துல பாடி லோஷன் போட்டுட்டு வந்தாங்க, ரெண்டாவது சுத்துலயே ஒரு பக்கம் விழுந்திடுச்சு. அவங்க பதறாம ஒரு கைய மார்ல வெச்சுக்கிட்டு மீதி ஆக்ட்ட ஒத்த கையாலயே முடிச்சாங்க. குஞ்சம் சுத்தறதுக்கு மார்ப ஆட்டணும்னு நினைப்பாங்க, இல்ல, குதிகால்ல எம்பி எம்பி முட்டி தளர்வா வெச்சா தானா சுத்தும், கைய மேல தூக்கிக்கிட்டா இன்னும் சுலபம்.

பரதத்துக்கு வருவோம், இத பத்தி எனக்கு நிறைய சொல்லணும். எட்டு வருஷம் உங்க உடம்புல இருக்கு, அது போகல. அரமண்டியில நின்ன தொடை ஹீல்ஸ்ல ரெண்டு மணி நேரம் நிக்கும். கண்ணு எங்க போகணும்னு மத்தவங்களுக்கு ஒரு வருஷம் சொல்லித்தர்றது உங்களுக்கு கைவந்திருக்கும். ஆனா ஒண்ண மாத்தணும், அபிநயத்துல நீங்க இல்லாத ஒரு நாயகன பாத்து பாவம் காட்ட பழகியிருக்கீங்க, இங்க இருக்கற ஆள, நிஜமா மூணடி தள்ளி உக்காந்திருக்கற ஆள பாக்கணும். அது முதல்ல ரொம்ப கூசும். என் ஸ்டூடன்ட்ஸ்ல பரதம் படிச்சவங்க எல்லாரும் தலைக்கு மேல பாத்துதான் ஆரம்பிப்பாங்க.

இது தப்பில்லையான்னு ஒரு குரல் உள்ள கேக்கும். எனக்கும் கேட்டுச்சு. அப்ப நான் பாலசரஸ்வதி அம்மாவ பத்தி நிறைய படிச்சேன். பரதநாட்டியத்துலேர்ந்து சிருங்காரத்த குறைச்சு சுத்தப்படுத்தணும்னு பெரிய பெரிய ஆளுங்க சொன்னப்ப, இசை வேளாளர் குடும்பத்துல பொறந்த அவங்க, சிருங்காரத்துல சுத்தப்படுத்த ஒண்ணும் இல்ல, அதுதான் எல்லா உணர்ச்சிக்கும் மேலன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க. அதுக்காக பர்லெஸ்க்கும் பரதமும் ஒண்ணுன்னு நான் சொல்லவே மாட்டேன், அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. தேவதாசி முறைய ஒழிக்கறோம்னு 1947ல மெட்ராஸ்ல சட்டம் வந்தப்ப அந்த குடும்பத்து பொண்ணுங்க தொழிலும் மேடையும் போச்சு, ஆனா அவங்க ஆட்டம் மட்டும் வேற வீட்டு பொண்ணுங்க கைக்கு வந்து மரியாதையாச்சு. நம்ம ரெண்டு பேரும் கத்துக்கிட்டது அந்த வழியில வந்த ஆட்டம்தான். அந்த கடன் நமக்கு இருக்கு. அதனால சலங்கை, தலைசாமான், டெம்பிள் ஜ்வல்லரி, சாமி பாட்டு இதெல்லாம் கொண்டு வந்து கழட்டற ஆக்ட்ல சேக்கறது என் மனசுக்கு ஒத்துக்கல, நான் பண்ண மாட்டேன். உடம்புக்குள்ள இருக்கற தாளத்த எடுத்துக்கோங்க, அது போதும்.

இத இப்பவே சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம நிறத்த பாத்த உடனே யாராவது ஒரு ப்ரோமோட்டர் வந்து "பாலிவுட் மாதிரி ஏதாவது பண்ணேன், சாரி கட்டிக்கிட்டு"ன்னு கேப்பாரு. எனக்கு முதல் வருஷமே கேட்டாங்க, போஸ்டர்ல எக்ஸாட்டிக்னு போட்டாங்க, நான் அந்த ஷோவ வேணாம்னுட்டேன், அந்த இடத்துல திரும்ப கூப்பிடவே இல்ல. ஜோசபின் பேக்கர்ன்ற கறுப்பின ஆட்டக்காரங்க 1926ல பாரிஸ்ல வாழைப்பழ பாவாட கட்டி ஆடினப்ப அவங்கள கூட அப்படித்தான் பாத்தாங்க, அவங்க கண்ண உருட்டி, முகத்த கோணி, பாக்கறவங்க நினைப்பையே கேலி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு அவங்க பேக்கரா இருக்கணும். புதுசா வர்ற நமக்கு முடியாதுன்னு சொல்ற உரிமை போதும். சேல உங்க சொந்த கதையா இருந்து, நீங்களா யோசிச்சு, உங்க அம்மா பீரோ வாசனையோட ஒரு ஆக்ட் பண்ணா அது வேற. கேட்டாங்கன்னு பண்ணாதீங்க.

நிறம்னு சொன்னப்ப இன்னொண்ணு. கடையில 'நியூட்'னு விக்கற டைட்ஸ், மெஷ், டேப் எல்லாம் வெள்ளக்காரங்க தோலுக்குத்தான். இப்ப சில பிராண்ட்ல பிரவுன் கிடைக்குது, இல்லன்னா நானே துணிச்சாயம் போட்டு என் கை நிறத்துக்கு கொண்டு வருவேன், முதல்ல ஒரு பழைய சாக்ஸ்ல டெஸ்ட் பண்ணிட்டு. லைட் போடறவங்ககிட்ட பச்சையும் வெறும் வெள்ளையும் வேணாம், ஆம்பரோ பிங்க்கோ போடுங்கன்னு எழுதியே குடுங்க. பச்ச லைட்ல நம்ம தோலு சோகையா தெரியும், ஆம்பர்ல தங்கம்தான்.

செலவ பத்தி பயப்படாதீங்க, ஆனா அவசரமும் படாதீங்க. சேரிட்டி ஷாப்ல ஒரு பழைய ஈவினிங் கவுன், பின்னாடி ஜிப்ப எடுத்துட்டு பிரஸ் பட்டன் தைங்க, கிளவுஸ் ஒரு ஜோடி, ஸ்டாக்கிங்ஸ் ரெண்டு ஜோடி ஏன்னா ஒண்ணு கண்டிப்பா கிழியும், முதல் ஆக்ட்டுக்கு இவ்ளோ போதும். நெருப்புக்கோழி இறகு விசிறி பாத்தா ஆச வரும், 1933 சிகாகோ எக்ஸ்போல சேலி ராண்ட் அந்த விசிறிய வெச்சுத்தான் ஊரையே கலக்கினாங்க, ஆனா நல்ல விசிறி விலையும் ஜாஸ்தி கனமும் ஜாஸ்தி, மணிக்கட்டு பழகவே மாசக்கணக்குல ஆகும், ஒரு வருஷம் தள்ளி போடுங்க. ஆன்லைன்ல விக்கற சீப் கார்செட்டும் வேணாம், கம்பி குத்தும். கல்லு ஒட்டணும்னா செக் நாட்டு ப்ரெசியோசா இருக்கு, ஸ்வரோவ்ஸ்கி இப்பல்லாம் தையல் கைவேலைக்காரங்களுக்கு சில்லறையா கல்லு விக்கறத நிறுத்திட்டாங்க. ஒட்டறதுக்கு எல்லாரும் இ6000ன்ற பசைய சொல்வாங்க, நல்லா புடிக்கும், ஆனா அந்த வாசனை விஷம், ஜன்னல திறந்து வெச்சு மாஸ்க் போட்டுத்தான் ஒட்டணும், பொண்ணு இருக்கற ரூம்ல வேணவே வேணாம்.

இப்ப உங்க பயத்துக்கு. மேடைப் பேரு வைங்க, நிஜ பேரோட ஒரு எழுத்து கூட ஒட்டாம. வெக்கறதுக்கு முன்னாடி வேற யாராவது அதே பேர்ல ஆடறாங்களான்னு தேடிப்பாருங்க. அந்த பேருக்கு தனி ஈமெயில், தனி இன்ஸ்டாகிராம், ஃபோன்ல இருக்கற கான்டாக்ட்ஸ சிங்க் பண்ணவே விடாதீங்க, இல்லன்னா உங்க சித்தி பையனுக்கு 'உங்களுக்கு தெரிஞ்சவரா இருக்கலாம்'னு காட்டிடும். ஷோகேஸ்ல ஃபோட்டோகிராஃபர் இருந்தா ஏறும் முன்னாடியே என் முகம் வேணாம்னு சொல்லுங்க, சொல்லலாம், தப்பே இல்ல. ஆனா தங்கச்சி, ஒண்ண மறைக்காம சொல்றேன், மேடையில ஏறிட்டா என்னிக்காவது வெளிய தெரியும்னு நினைச்சுக்கிட்டே ஏறுங்க. அம்மாவுக்கு தெரிஞ்சா நான் என்ன சொல்வேன்ற ஒரு வாக்கியம் உங்ககிட்ட முன்கூட்டியே இருக்கணும். எங்கம்மாவுக்கு நாலாவது வருஷம் தெரிஞ்சுது, யாரோ சொந்தக்காரங்க அனுப்பின ஃபோட்டோல. எட்டு மாசம் பேசல. அப்புறம் ஒரு நாள் ஃபோன் பண்ணி அந்த நீல கவுன் நீயே தைச்சதான்னு கேட்டாங்க. அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் கேக்கல, நானும் சொல்லல. உங்க வீட்டுல எப்படி ஆகும்னு என்னால சொல்ல முடியாது, அதனாலதான் இத எழுதறேன்.

வேலை விஷயம் இதவிட முக்கியம், கவனமா படிங்க. நர்ஸுக்கு என்எம்சி கோட் (இங்க நர்ஸுங்கள பதிவு பண்ற அமைப்போட நடத்தை விதி) இருக்கு, தொழிலோட பேர காப்பாத்தணும்னு அதுல இருக்கறது உங்களுக்கே தெரியும். பர்லெஸ்க் சட்டப்படி நடக்கற மேடை நிகழ்ச்சி, அத தனியா சொல்லி தடை ஒண்ணும் அதுல இல்ல, ஆனா யூனிஃபார்ம், ஹாஸ்பிட்டல் பேரு, ஐடி கார்டு, பேஷன்ட் கதை எதுவும் ஆக்ட்லயோ அக்கவுண்ட்லயோ வரவே கூடாது. நர்ஸ் வேஷம் இங்க ரொம்ப சகஜம், உங்களுக்கு மட்டும் அது வேணாம். உங்க கான்ட்ராக்ட்ல வெளி வேலை பத்தி என்ன இருக்குன்னு பாருங்க, சந்தேகம்னா யூனியன்ல கேளுங்க. விசாவுல இருக்கீங்களா சிட்டிசனான்னு நீங்க எழுதல. விசான்னா, வேற யாருக்காவது மேடை ஏறறதுக்கு முன்னாடி பதிவு பெற்ற இமிக்ரேஷன் அட்வைசர்கிட்ட ஒரு தடவ பேசிடுங்க, காசு வாங்காம ஆடினா பரவால்லன்னு நினைப்பாங்க, சம்பளமில்லாத வேலையையும் வேலையா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. கிளாஸுக்கு நீங்க காசு கட்டி கத்துக்கறதுல அந்த சிக்கல் இல்ல. இதுல யார் சொல்றதையும் நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேத்து, ஆள பாத்து கேளுங்க.

ஷோ கிடைக்கறதெல்லாம் அப்புறம், கொஞ்சமா சொல்லி வைக்கறேன். மூணுலேர்ந்து நாலரை நிமிஷம் ஒரு ஆக்ட், பாட்ட உங்க மேடைப் பேர்ல ஃபைல் போட்டு முன்கூட்டியே அனுப்புங்க, யூஎஸ்பியிலயும் ஃபோன்லயும் ஒண்ணு வைங்க. நீங்க மேடையில நின்னப்புறம் பாட்டா, பாட்டு ஆரம்பிச்சப்புறம் நீங்களான்னு எழுதி குடுங்க. மினுமினு தூள், இறகு கொட்டறது, மெழுகுவத்தி எதுவா இருந்தாலும் இடத்துக்காரங்ககிட்ட கேட்டுத்தான். துணி பொறுக்க வர்றவங்கள 'ஸ்டேஜ் கிட்டன்'னு சொல்வோம், எங்க என்ன விழும்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க, முடிஞ்சதும் நன்றி சொல்லுங்க, நாளைக்கு உங்கள சிபாரிசு பண்றது அவங்கதான். பேக்ஸ்டேஜ்ல யாரோட துணியையும் தொடாதீங்க, வீட்டுக்காரர ட்ரெஸ்ஸிங் ரூமுக்கு கூட்டிட்டு வராதீங்க, ஷோவுக்கு முன்னாடி காஸ்ட்யூமோட பார் பக்கம் நடக்காதீங்க. இன்னொருத்தங்க ஆக்ட்ட எடுத்து ஆடாதீங்க, பெரிய மார்ட்டினி கிளாஸ்ல உக்காந்து குளிக்கறதுன்னா அது டீட்டா வான் டீஸோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பணம் பத்தி. ஷோகேஸ் சும்மா பண்ணலாம், அது கத்துக்கற இடம். டிக்கெட் வித்து காசு பாக்கற ஷோவுல "எக்ஸ்போஷர் கிடைக்கும்"னு சும்மா கூப்பிட்டா போகாதீங்க, உங்க நல்லதுக்கு மட்டும் சொல்லல, நீங்க சும்மா ஆடினா அதுல வாடகை கட்டறவங்க வயித்துல அடிக்கறீங்க. எனக்கு முதல்ல குடுத்தது நாப்பது பவுண்டு, ட்ரெயினுக்கே இருபது போச்சு, ஆனா கேட்டு வாங்கினேன். ரெகுலரா பண்ண ஆரம்பிச்சா மேடைக் கலைஞர்களோட ஈக்விட்டி யூனியன்ல சேருங்க, மெம்பர்ஷிப்போட பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் வருது, நிறைய இடத்துல அது இல்லாம மேடை ஏத்த மாட்டாங்க. வருஷத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல இதுல வந்தா டேக்ஸ் ஆபீஸ்ல பதிவு பண்ணணும்ன்றது இப்போதைக்கு இருக்கற கணக்கு, ரசீத ஒரு டப்பாவுல போட்டு வைங்க, கிளவுஸ் ரசீது கூட.

யாராவது ரிகர்சலுக்கு தனியா வீட்டுக்கு வா, டெஸ்ட் ஷூட்டுக்கு வா, இன்னும் கொஞ்சம் கழட்டினாதான் புக்கிங்னு சொன்னா அங்கயே முடிச்சிடுங்க, விளக்கம் சொல்ல வேணாம். அந்த பேர டீச்சர்கிட்ட சொல்லுங்க, மத்த பொண்ணுங்களுக்கு போய் சேரும். எங்க ஆளுங்க இதுல ரொம்ப ஒத்துமையா இருப்பாங்க.

இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. கிளவுஸ் வாங்குங்க, சாட்டின், கொஞ்சம் ஸ்ட்ரெச் இருக்கணும், உங்க சைஸுக்கு ஒண்ணு பெருசா. பொண்ணு தூங்கினப்புறம் கண்ணாடி முன்னாடி வேணாம், வீட்டுக்காரர சோபாவுல உக்கார வெச்சு, உங்களுக்கு புடிச்ச இளையராஜா பாட்டு எதுவோ அத போட்டு, முழு ட்ரெஸ்ல, சுடிதார்லயே நின்னு, ஒரே ஒரு கிளவுஸ கழட்டுங்க. அவரு கண்ண பாத்து, மணிக்கட்டுல நிறுத்தி. எத்தன செகண்ட் தாங்கினீங்கன்னு எனக்கு எழுதுங்க.